கூலிங் குறைந்தால் முதலில் காயிலைப் பாருங்கள்: இரண்டு ஃபிரிட்ஜ், 17 வருட அனுபவம்

முதல் ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு டைரக்ட் கூல், 8 வருடம் ஓடியது. இப்போது இருப்பது இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 9 வருடம் முடிந்துவிட்டது. வாங்கப் போகும்போது எல்லோரும் கம்ப்ரசருக்கு எத்தனை வருடம் வாரன்டி என்றுதான் கேட்போம், நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் இரண்டிலுமே கம்ப்ரசர் ஒரு நாள்கூடத் தொல்லை கொடுத்ததில்லை. வந்த பிரச்சினை அத்தனையும் எவாப்பரேட்டர் பக்கம்தான், அதாவது மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்வார்களே, அது. அதனால் இந்தப் பகிர்வு முழுக்க அதைப் பற்றியே.

ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையில் தடவுவார்கள், அந்த இடம் ஜில்லென்று ஆகும். ஸ்பிரிட் ஆவியாவதற்குச் சூடு வேண்டும், அதை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எவாப்பரேட்டர் செய்வதும் இதே வேலை. ஃபிரிட்ஜின் குழாய்களுக்குள் சுற்றும் குளிரூட்டும் கேஸ், திரவமாக வந்து, தலைமுடி குழாய் போன்ற மெல்லிய கேப்பிலரி வழியாகப் பிதுங்கி, அகலமான காயிலுக்குள் விழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, இறங்கியதும் அங்கேயே கொதிக்க ஆரம்பிக்கிறது. கொதிப்பது என்றால் சூடாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்திலேயே மைனஸ் 11.7 டிகிரியில் கொதித்துவிடும், பழையவற்றில் இருந்த ஆர்-134ஏ என்ற கேஸ் மைனஸ் 26 டிகிரியில். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் இன்னும் குளிர்ந்த நிலையில் கொதிக்கும். ஒரு கிலோ ஐசோபியூட்டேன் முழுதாக ஆவியாக ஏறக்குறைய 360 கிலோஜூல் சூட்டை இழுத்துக்கொள்ளும், அது ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை 85 டிகிரி இறக்குகிற அளவு. ஃபிரிட்ஜுக்குள் இருப்பதோ சில பத்து கிராம்தான், அதுவே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து இழுக்கிறது. கம்ப்ரசரின் வேலை அந்த ஆவியை உறிஞ்சி அழுத்தி, இழுத்த சூட்டைப் பின்பக்கக் குழாயில் வெளியே விட வைப்பது.

முதல் ஃபிரிட்ஜில் எவாப்பரேட்டர் என்பது ஃப்ரீசர் பெட்டியின் சுவரேதான். இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டவைத்து நடுவில் கேஸ் போகும் வழியை உப்ப வைத்திருப்பார்கள், உற்றுப் பார்த்தால் வளைந்து வளைந்து போகும் மேடு தெரியும். அந்த மேட்டின் கனம் எவ்வளவு குறைவு என்று எனக்கு அப்போது தெரியாது. 7-வது வருடம், ஐஸ் மலையாகக் கட்டிக்கிடக்க, அவசரத்தில் கத்தியால் நெம்பினேன். உஸ் என்று ஒரு சத்தம் வந்தது, ஒரு நிமிடத்துக்குள் அதுவும் அடங்கிவிட்டது. ஓட்டையை அடைத்துக் கேஸ் நிரப்பிக் கொடுத்தார்கள். சில வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் ஒரு விநோதம்: சில மணி நேரம் நன்றாகக் குளிரும், திடீரென்று நின்றுவிடும், அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிரும். ஓட்டை வழியாக உள்ளே போன ஈரம் கேப்பிலரியின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்வதும், அணைத்தால் உருகி வழிவிடுவதும்தான் காரணம். கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றாமலும், வாக்யூம் போட்டு ஈரத்தை முழுதாக இழுக்காமலும் கேஸ் நிரப்பினால் இப்படித்தான் ஆகும். காயில் திறந்த வேலை எதுவாக இருந்தாலும் இந்த இரண்டும் நடந்ததா என்று கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. அடுத்த வருடமே அந்த ஃபிரிட்ஜை விட்டுவிட்டேன்.

இரண்டாவதில் காயில் கண்ணுக்கே தெரியாது. ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால், மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகக் கோத்த குழாய், அதற்கு மேல் ஒரு ஃபேன், கீழே ஒரு ஹீட்டர். ஃபேன் காற்றை அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாக இழுத்து ஃப்ரீசருக்கும் கீழ் அறைக்கும் தள்ளுகிறது. காற்றிலுள்ள ஈரமெல்லாம் காயிலில் பனியாகப் படியும், அதை உருக்கத்தான் ஹீட்டர். டைமர் வைத்த மாடல்களில் கம்ப்ரசர் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் ஹீட்டர் போடும், உருகிய நீர் குழாய் வழியே கீழே கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். அழகான ஏற்பாடு, ஓடுகிற வரைக்கும்.

4-வது வருடம் கீழ் அறையில் கூலிங் சுத்தமாகக் குறைந்தது, ஃப்ரீசர் மட்டும் ஓரளவு பரவாயில்லை. வந்தவர் பின்பலகையைத் தொடக்கூட இல்லை, கம்ப்ரசர் பக்கம் கை வைத்துப் பார்த்துவிட்டு "கேஸ் போயிடுச்சு சார், நிரப்பணும்" என்றார். மனசு ஒப்பவில்லை, இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கி, பலகையைக் கழற்றினார். உள்ளே காயிலே தெரியவில்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைக் கட்டி, தகடுகளுக்கு நடுவே ஊசி நுழையக்கூட இடமில்லை. "கேஸ் இல்லைன்னா இவ்வளவு பனி எங்கிருந்து சார் வரும்?" என்று அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

பனியின் படிவைப் பார்த்தாலே நோயின் பாதி தெரிந்துவிடும். கேஸ் குறைந்திருந்தால், இருக்கிற கொஞ்சத் திரவம் காயிலின் முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே கொதித்துத் தீர்ந்துவிடும், அங்கே மட்டும் பனி இருக்கும், மற்ற இடம் வெறும் அலுமினியமாகக் கிடக்கும். காயில் முழுக்கக் கட்டியாக மூடியிருந்தால் கேஸ் இருக்கிறது, ஹீட்டரோ, சூட்டைப் பார்த்து அதை அணைக்கும் பைமெட்டல் சுவிட்சோ, டைமரோ போயிருக்கிறது, அல்லது கதவு ரப்பர் வழியே ஈரக்காற்று ஓயாமல் நுழைகிறது. முழுக்க மெல்லிய வெண்மை சீராக இருந்தால் காயில் நலம், ஃபேனையும் காற்று போகும் வழியையும் பாருங்கள். எனக்கு ஹீட்டர் அறுந்திருந்தது, அதையும் பைமெட்டலையும் மாற்றியதும் சரியாகிவிட்டது. கேஸ் நிரப்பியிருந்தால் நல்ல சிஸ்டத்தை வீணாகத் திறந்திருப்போம்.

பனியும் குளிர்தானே, அது கூடினால் ஏன் கூலிங் குறைய வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கெட்டி ஐஸ் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும், காற்றை அடைத்துவைத்திருக்கும் பனி அதைவிடவும் மோசம், கம்பளி போர்த்தியது போல. அதைவிடப் பெரிய கேடு, இடுக்கு அடைபட்டுக் காற்றே நின்றுபோவது. காற்று வராவிட்டால் கேஸுக்குச் சூடு கிடைக்காது, சரியாகக் கொதிக்காது, அழுத்தம் இறங்கிக் காயில் இன்னும் குளிரும், இன்னும் பனி கட்டும். கொதிக்காத திரவம் கம்ப்ரசருக்குள் போனால் அதற்கே ஆபத்து, அதற்காகத்தான் காயிலின் முடிவில் அந்தத் திரவத்தைப் பிடித்துவைக்கச் சின்ன உருளை மாதிரி அக்யூமுலேட்டர் வைத்திருக்கிறார்கள்.

ஏசியின் உள் யூனிட்டில் இருப்பதும் எவாப்பரேட்டர்தான். அதில் பனியே கட்டக் கூடாது, தண்ணீர் மட்டும்தான் சொட்ட வேண்டும். கட்டினால் கேஸ் என்று முடிவுகட்டுவதற்கு முன் காற்று நுழையும் ஃபில்டரைக் கழுவுங்கள், எங்கள் வீட்டில் ஒருமுறை அதுவே போதுமாக இருந்தது.

இரண்டாவது ஃபிரிட்ஜில் 7-வது வருடம், உருகிய நீர் இறங்கும் வடிகால் துளை அடைத்துக் காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்கியது, சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீர் விட்டதும் திறந்துகொண்டது. இதற்கு ஆளே வேண்டாம்.

ஐசோபியூட்டேன் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அது தீப்பற்றும் கேஸ், குழாயில் கேஸ் இருக்கும்போது யாரும் கேஸ் டார்ச்சைக் கொளுத்த விடாதீர்கள். இன்னொன்று, ஓடும்போது அதன் காயிலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும், அதனால் அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே வருவதற்குப் பதில் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். கூலிங்கும் குறைந்து, பின்பக்கக் குழாய் வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டால் இதையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி வாங்கினாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீதான் வாங்குவேன். டைரக்ட் கூலில் கெட்டுப்போக ஃபேனோ ஹீட்டரோ கிடையாது என்பது உண்மை, ஆனால் ஐஸ் எடுக்கும் பொறுமை வீட்டில் எல்லோருக்கும் இருக்க வேண்டும். இப்போது வருடம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். போன மாதம் பார்த்தபோது முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை மாவு தூவியது போல ஒரே சீராக இருந்தது.