ஆர்15 வி3, அபாச்சி 160 4வி: யாழ்ப்பாணத்தில் ஓடும் செலவு

பாவித்த ஸ்போட்ஸ் பைக் ஒன்று எடுக்கத் தேடியபோது கடைசியில் மிஞ்சியவை இரண்டு: யமஹா ஆர்15 வி3, ரிவிஎஸ் அபாச்சி ஆர்ரிஆர் 160 4வி. நான் எடுத்தது அபாச்சி. என் பக்கச்சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது, லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்றுதான். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டா என்ற பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வி லேசில் போகாது. என் அபாச்சி நகருக்குள்ளும் கேகேஎஸ் வீதியிலும் 45 கிலோமீற்றர் அளவில் தருகிறது. மச்சானுடைய ஆர்15 அதே வீதிகளில் 42 அளவில். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் இரண்டு லீற்றர்கூட வராது. லீற்றர் 300 ரூபா என்று போட்டால் 500 ரூபாவுக்குள். இதை வைத்து எந்த பைக் என்று முடிவெடுக்க ஒன்றுமில்லை.

ஏ9 நெடுஞ்சாலையில் நிலைமை மாறலாம். ஆர்15க்கு ஆறு கியர், காற்றைக் கிழிக்கிற முகப்பு. அபாச்சிக்கு ஐந்து கியர், முகப்பு இல்லை. வவுனியா வரைக்கும் ஒரே வேகத்தில் பிடித்தால் ஆர்15தான் குறைவாகக் குடிக்கும் என்று நினைக்கிறேன். நான் அபாச்சியில் கிளிநொச்சிக்கு அப்பால் போனதில்லை, ஆகவே அடித்துச் சொல்லமாட்டேன்.

ஆர்15க்கு ஒக்ரேன் 95தான் அடிக்கவேண்டும் என்ற கதையும் இருக்கிறது. கம்பிரஷன், அதாவது எஞ்சினுக்குள் பெற்றோல் கலவையை அழுத்தும் அளவு, 11.6:1 என்று கூடுதலாக இருப்பதால் வந்த பயம் அது. இந்தியாவில் இதே பைக் 91 ஒக்ரேன் சாதாரண பெற்றோலில்தான் ஓடியது. எங்கள் ஒக்ரேன் 92 தாராளமாகக் காணும்.

ரயர், செயின் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆர்15இன் பின் ரயர் 140 அகல ரேடியல், மாற்றும்போது விலை கூட. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போய்வருபவருக்கு உப்புக்காற்று இரண்டு பைக்கின் செயினையும் ஒரேமாதிரித்தான் தின்னும். மணல் ஒழுங்கையில் சறுக்கி விழுந்தால் அபாச்சியில் லீவரும் இன்டிகேற்றரும் போகும், ஆர்15இல் முகப்புப் பிளாஸ்ரிக்கும் சேர்ந்து போகும்.

என்னை அபாச்சி பக்கம் தள்ளியது தண்ணீர். ஆர்15இன் எஞ்சின் தண்ணீரால் குளிர்வது, அபாச்சி 160இன் எஞ்சின் ஒயிலாலும் காற்றாலும் குளிர்வது. கண்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவருக்கு இது பெரிய விசயமில்லாமல் இருக்கலாம். எங்களுக்குப் பெரிய விசயம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் முழுக்க அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டுவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும்.

எஞ்சின் சூட்டை வெளியே விடுவது ரேடியேற்றர். இந்தத் தண்ணீர் அதற்குள் போனால் அதே படை உள்ளே பிடிக்கும். ரேடியேற்றரின் குழாய்கள் மிக ஒடுங்கியவை. படை பிடிக்கப் பிடிக்கச் சூடு வெளியே போகாது. உப்பு அலுமினியத்தை அரிக்கும், வோட்டர் பம்ப் சீல் தேயும். தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் மட்டும் விட்டு ஓடினால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கூலன்ட் குறைந்த நேரத்தில் வழியில் கிடைக்கிற கராஜில் பெடியன் ஒருவன் பைப்பைத் திறந்து போத்தலில் பிடித்து விட்டுவிடுவான். நல்ல மனத்தோடுதான் செய்வான்.

ஆர்15இன் சிலிண்டர் டயாசில் வகை, உள்ளே இரும்பு லைனர் இல்லை. அதிகம் சூடேறிச் சிலிண்டரில் கீறல் விழுந்தால் பழைய பைக்குகளைப்போல போர் அடித்து, அதாவது உள்ளே குடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்ரன் போட்டுச் சமாளிக்க முடியாது, புளொக்கையே மாற்றவேண்டும். பெற்றோலில் வருடக்கணக்காக மிச்சம்பிடித்தது அந்த ஒரு வேலையோடு போய்விடும்.

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது. பாவித்த ஆர்15 பல கை மாறியே வருகிறது. முந்திய ஆள் என்ன விட்டார் என்று யாருக்குத் தெரியும்? நான் பார்க்கப் போன ஒன்றில், எஞ்சின் ஆறியிருந்தபோது மெக்கானிக் அண்ணை ரேடியேற்றர் மூடியைத் திறந்தார். கூலன்ட் நிறமே இல்லை. தேயிலைச் சாயம்போல மண்ணிறத் தண்ணீர், மூடியின் றப்பரைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. விரலால் சுரண்டிக் காட்டிவிட்டு, "தம்பி, இது கிணத்துத் தண்ணி. இதை எடுத்தா நீர் எனக்குத்தான் உழைப்பீர்" என்றார்.

அபாச்சியில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அந்த எஞ்சினைக் காப்பாற்றுவது ஒயில்தான். அளவைக் குறையவிடக் கூடாது, மாற்றும் தவணையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஏப்பிரல் வெயிலில் பஸ் நிலையப் பக்கம் ஊர்ந்து போகும்போது சூடு காலில் படும், அதைப் பொறுக்கவேண்டும்.

திரும்ப விற்கும்போது ஆர்15க்கு மவுசு கூட. இளம் பெடியள் அதைத்தான் கேட்கிறார்கள். அபாச்சியை விற்று நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரே கையில் இருந்து, கூலன்ட் மாற்றிய பில்லும் கையில் உள்ள ஆர்15 கிடைத்தால், ஏ9இல் அடிக்கடி போகிறவர் தயங்காமல் எடுக்கலாம். எடுத்தபின் சீற்றுக்குக் கீழே சின்னப் போத்தலில் கூலன்ட் வைத்திருங்கள். அதுவும் இல்லாத அவசரத்தில் பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி விடுங்கள். அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.