மீனில்லாத் தொட்டியில் தாவரம்: போத்தல் உரமா, உப்பா, மண்ணா?

நீர்த்தாவரம் மட்டும் வளரும் கண்ணாடித் தொட்டியின் முதல் பிரச்சினை பசி. மீன் இருந்தால் அதன் கழிவும் மிஞ்சிய தீனியும் நைதரசனையும் பொசுபரசையும் தந்துகொண்டிருக்கும். மீன் இல்லையென்றால் அந்த வரவு இல்லை. கொழும்புக் குழாய் நீர் மென்மையானது என்பதால் கல்சியமும் மக்னீசியமும்கூட அதில் குறைவு. உணவை எந்த வழியால் கொடுப்பது என்பதுதான் கேள்வி. கணக்கெல்லாம் 60 லீற்றர் நீர் கொள்ளும் தொட்டிக்கு.

கடையில் முதலில் கையில் தருவது போத்தல் உரம். அவற்றில் பல, மீன் உள்ள தொட்டியை நினைத்துச் செய்தவை: பொற்றாசியமும் இரும்பும் இருக்கும், நைத்திரேற்றும் பொசுபேற்றும் இராது. அதை எவ்வளவு ஊற்றினாலும் பழைய இலை மஞ்சளாகி உதிர்வது நிற்காது. லேபலில் அந்த இரண்டும் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

உப்பு வழி, அதாவது கறியுப்பல்ல, தூளாகக் கிடைக்கும் உர உப்புகளை நாமே கரைத்து ஊற்றுவது, மலிவு, கட்டுப்பாடும் முழுக்க நம் கையில். 500 மி.லீ. நீரில் 50 கிராம் பொற்றாசியம் நைத்திரேற்று, 5 கிராம் மொனோ பொற்றாசியம் பொசுபேற்று கரைத்து வைத்தால், 10 மி.லீ. ஊற்றும்போது தொட்டியில் நைத்திரேற்று லீற்றருக்கு ஏறத்தாழ 10 மி.கி., பொசுபேற்று 1 மி.கி.க்குச் சற்று மேல், பொற்றாசியம் ஏறத்தாழ 7 மி.கி. கூடும். காபனீரொட்சைட்டு ஏற்றும் தொட்டிக்குக் கிழமைக்கு இரண்டு தடவை, ஏற்றாததற்கு ஒரு தடவை போதும். நுண்சத்தையும் இரும்பையும் வேறு நாளில் விடுங்கள். பொசுபேற்றோடு சேர்ந்தால் இரும்பு வீழ்படிவாகிவிடும். எப்சம் உப்பு 1 கிராம், லீற்றருக்கு 1.6 மி.கி. மக்னீசியம் தரும். கிழமைக்கொரு முறை பாதி நீரை மாற்றினால் மிச்சம் குவியாது. மாற்றாமல் விட்டால் குவியும். வெளியூர் போகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது.

எது குறைகிறது என்பதை இலையே காட்டும். பழைய இலை முழுதும் மஞ்சளானால் நைதரசன், அதில் ஊசித்துளை விழுந்தால் பொற்றாசியம். புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. புது இலை முறுக்கிக்கொண்டு சிறுத்தால் கல்சியம். கண்ணாடியில் கடினமான பச்சைப் புள்ளி படிந்தால் பொசுபேற்றைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

மண் வழியில் தொடக்க வேலைதான் அதிகம். உரம் கலக்காத தோட்ட மண்ணைச் சலித்து, ஊறவைத்துக் காயவைப்பதை மூன்று நான்கு முறை செய்து, 2 செ.மீ. பரப்பி, மேலே 3 செ.மீ. சிறு பரல் போட வேண்டும். முதல் இரண்டு கிழமை மண் அமோனியா விடும். மீன் இருந்தால் அது ஆபத்து. இங்கே தாவரத்துக்கு உணவு, ஆனால் பாசிக்கும் உணவு. அதனால் அந்த நாட்களில் இரண்டு நாளுக்கொரு முறை பாதி நீரை மாற்றுங்கள். மண் தடித்தால் அடியில் ஒட்சிசன் போய் அழுகிய முட்டை மணம் வரும். மெல்லிய ஈர்க்கால் அங்கங்கே குத்திவிட்டால் வாயு வெளியேறும். தாவரத்தைப் பிடுங்கி இடம் மாற்றினால் மண் மேலே வந்து நீர் கலங்கும். அடிக்கடி அலங்காரம் மாற்றுகிறவர்களுக்கு இது தோதல்ல.

எங்கள் தெரிவு தாவரத்தைப் பொறுத்தது. இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டியை, வேரால் உண்பதால், மண்ணில் நடுங்கள். நட்டதும் இலை உருகும். கிழங்கு உறுதியாக இருந்தால் தொடாமல் விடுங்கள், திரும்பத் துளிர்க்கும். காட்டு ஓடையில் பிடுங்காமல் வளர்ப்பாளரிடம் வாங்குங்கள். ரொட்டாலா போன்ற தண்டுத் தாவரங்கள் நீரிலிருந்தே வேகமாக உறிஞ்சுபவை, அவற்றுக்கு உப்பு. வேகமாக வளர்க்க காபனீரொட்சைட்டும் தேவை. மூச்சுத் திணற மீன் இல்லாததால் லீற்றருக்கு 30 மி.கி. என்ற வழக்கமான எல்லையைத் தாண்டலாம். சீனி, ஈஸ்ட் போத்தலில் அதைச் செய்யப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: இந்தச் சூட்டில் அது சீக்கிரம் புளித்து முடிந்துவிடும்.

நுளம்பு விஷயத்தில் மண் தொட்டி பின்தங்கும். பம்பு இல்லாமல் நீர் அசையாது கிடந்தால், குடம்பியைத் தின்ன மீனும் இல்லாததால், டெங்கு நுளம்பு ஒரு கிழமை முதல் பத்து நாளுக்குள் பறந்துவிடும். நுளம்பு பெருக இடம்விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தாவரத் தொட்டி என்ற விளக்கம் எடுபடாது. உப்புத் தொட்டியில் பம்பு ஓடும், ஆனால் மேற்பரப்பு அதிகம் குலுங்கினால் ஏற்றிய காபனீரொட்சைட்டு போய்விடும். ஆகையால் இரண்டுக்கும் இடைவெளியில்லாமல் நுளம்பு வலையை இழுத்துக் கட்டுங்கள். அந்த நுளம்பு நீர்க்கோட்டுக்குச் சற்று மேலேதான் முட்டையிடும் என்பதால், நீர் மாற்றும்போது உட்கண்ணாடியின் ஈர விளிம்பையும் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.