எந்த வேலைக்கு எந்த ஒர்க்‌ஷாப்? சுங்கை சிப்புட் கார்க்காரர் கணக்கு

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கார் வைத்திருப்பவருக்கு மூன்று வழி. ஈப்போவுக்கு ஓட்டிப்போய் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடலாம். டவுனில் தவுக்கே, அதாவது கடை முதலாளி, நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் விடலாம். அதுவும் வேண்டாம் என்றால், தோட்டத்திலேயே வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் நம்ம ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார். மூன்று இடத்திலும் ஏமாந்தவர்கள் உண்டு. மூன்றுக்கும் சத்தியம் செய்து சிபாரிசு பண்ணுகிறவர்களும் உண்டு. எந்தக் கடை நல்ல கடை என்று தேடுவதை விட்டுவிட்டு, எந்த வேலையை எங்கே கொடுப்பது என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வாரண்டி ஓடுகிற காருக்கு யோசனையே வேண்டாம், சர்வீஸ் சென்டர்தான். உள்ளூர் கார் கம்பெனிகளான பெரோடுவாவும் சரி, புரோட்டோனும் சரி, பெரும்பாலான புதுக் கார்களுக்கு 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் சாப் (முத்திரை) விழாவிட்டால் பின்னால் கேட்கும்போது வாயடைத்துப் போக வேண்டியதுதான். அங்கே விலைப்பட்டியல் உண்டு, பில் உண்டு. தொல்லை கவுண்டரில் இருக்கிறது. நம்மிடம் பேசுகிறவர் ஒருவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் பிடிக்கிறவர் வேறொருவர். 'இன்ஜின் ஃப்ளஷ் பண்ணிடலாமா சார், இன்ஜெக்டர் கிளீனிங்கும் சேர்த்துப் போட்டுடவா' என்று கவுண்டர்க்காரர் கேட்பது காரைப் பார்த்துவிட்டு அல்ல. சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து அந்தக் கிலோமீட்டருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதில் இல்லாததற்கு 'வேண்டாம்' என்று சொன்னால் வாரண்டி ஒன்றும் போய்விடாது.

வாரண்டி முடிந்த காருக்கு டவுன் ஒர்க்‌ஷாப்தான் என் முதல் ஓட்டு. அதுவும் கீழ்ப்பக்க வேலைக்கு. செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடுகிற கார் கொஞ்ச நாளிலேயே முன்பக்கம் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்துக்குக் காரணம் பல. ஸ்டெபிலைசர் லிங்க்காக இருந்தால் சின்னச் செலவு. லோவர் ஆர்ம் புஷ் என்றால் கொஞ்சம் கூட. அப்சார்பர் ஜோடி, ஸ்டீயரிங் ரேக் என்று போனால் சம்பளத்தில் பெரிய ஓட்டை. ஒரே சத்தத்துக்கு ஒருவர் லிங்க் என்பார், இன்னொருவர் நான்கு அப்சார்பரையும் மாற்று என்பார். வாயால் சொல்வதை இங்கே நம்பக் கூடாது. காரை ஜேக்கியில் தூக்கி, கடப்பாரை முனையை லோவர் ஆர்முக்கும் சப் ஃபிரேமுக்கும் நடுவே கொடுத்து நெம்பச் சொல்லுங்கள். புஷ் கிழிந்திருந்தால் ரப்பர் வாயைப் பிளந்து காட்டும். லிங்க் போயிருந்தால் கையால் பிடித்து ஆட்டினாலே கிடுகிடு என்று ஆடும். அப்சார்பர் லீக் என்றால் அதன் உடம்பில் எண்ணெய் வழிந்து செம்மண் கெட்டியாக அப்பியிருக்கும். மேலாக்கப் படிந்த காய்ந்த தூசி லீக் ஆகாது. இதைக் கூப்பிட்டுக் காட்டுகிற போர்மேன் (மெக்கானிக்) கிடைத்தால் அவர் சீனரோ மலாய்க்காரரோ நம்மவரோ, விடாதீர்கள்.

டவுன் கடையில் ஏமாறுவது பெரும்பாலும் கூலியில் அல்ல, சாமானில். கார் கம்பெனி பெட்டியில் வரும் ஒரிஜினல், கார் கம்பெனிக்குச் சாமான் செய்துகொடுக்கிறவர் தன் பெயரில் விற்கும் ஓ.இ.எம்., ஊர் பேர் தெரியாத மலிவு ரகம், வெட்டிக் கொண்டுவந்த பழைய காரிலிருந்து கழற்றிய ஹாஃப்கட் என்று சாமானில் ரகம் பல. மலிவு ரகத்தைப் போட்டு ஒரிஜினல் விலை வாங்குவதுதான் பழைய வித்தை. போடுவதற்கு முன்பே எந்த ரகம், என்ன விலை என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானும் புது சாமான் வந்த பெட்டியும் காரின் பின்பக்க டிக்கியில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். தவுக்கே முகம் சுளிக்க மாட்டார். சிறிய ஊர், ஒருவரை ஏமாற்றினால் மறுநாள் சாப்பாட்டுக் கடையில் எல்லார் காதுக்கும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

தோட்டத்து ஆளிடம் வருவோம். ராத்திரி பத்து மணிக்கு கார் கிளம்பாமல் நின்றால் டார்ச் லைட்டோடு வருகிறவர் அவர்தான். செம்பனையில் எலி அதிகம். பானெட்டுக்குள் புகுந்து வயரைக் கடித்து வைக்கும். கடித்த இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டுப்போட அவருக்கு இருக்கிற பொறுமை ஈப்போ சர்வீஸ் சென்டரில் கிடைக்காது. அங்கே முழு வயரிங்கையும் மாற்றச் சொல்வார்கள். பிரேக் பேட், பேட்டரி, பிளக், எலி வேலை, இதுவரைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கியர்பாக்ஸைக் கொடுக்காதீர்கள். 2021 கடைசி முதல் வருகிற பெரோடுவா மைவியில் சி.வி.டி. என்கிற பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர். அதற்கான எண்ணெய் வேறு. பழைய ஆட்டோ கியருக்கு ஊற்றுகிற எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கி கியர்பாக்ஸே போய்விடும். இன்ஜின் மாற்றுவதும் இங்கே வேண்டாம். 2005இல் வந்த முதல் மைவி, ஜப்பானின் டைஹட்சு பூன் காரின் மறுபிறவி. அதனால் ஜப்பான் ஹாஃப்கட் இன்ஜின் அதில் சுலபமாக உட்கார்ந்துவிடும். உட்கார வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் புஸ்பாகோம் வாகனச் சோதனையும் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் செய்யாமல் விட்டால், காரை விற்கப் போகும்போது இன்ஜின் நம்பர் காரின் பதிவுப் பத்திரமான கிராண்டோடு ஒத்துப்போகாது. அப்போது மாட்டுவது நீங்கள்தான்.

இன்னொன்று, பலர் வெளியே சொல்லாதது. தோட்டத்து ஆள் பல நேரம் சொந்தக்காரராகவே இருப்பார், அவர் வேலையைக் கெடுத்தால் கேட்க முடியாது. 'என்ன மாமா, சத்தம் அப்படியே இருக்கே' என்று ஒரு தடவை கேட்கலாம். இரண்டாவது தடவை கேட்டால் கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொள்வார். பில்லும் கிடையாது. டவுன் கடையிலோ ஈப்போவிலோ கெட்டால் கேட்க இடம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்துதர வேண்டும். விலை முன்பே பேசாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் பில்லோ வாட்ஸ்அப்போ கையில் இல்லாமல் அங்கே போய் நின்றால் பேச்சு எடுபடாது. மாமாவிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிற அந்தச் சின்னத் துண்டுச் சீட்டுக்காகத்தான் பெரிய வேலைக்கெல்லாம் நான் டவுனுக்கு ஓட்டுகிறேன்.