மண்டபத்து வாடகை நூல் நிலையமும் பென்சில் எழுத்தும்

மண்டபத்தில் கடற்கரைக்கு இறங்கும் தெருவொன்றில் இருக்கும் சிறிய வாடகை நூல் நிலையத்தில் நான் உறுப்பினராகி ஓராண்டு ஆகிறது. முன்பணம் 200 ரூபாய். ஒரு நூலுக்கு வாரம் 10 ரூபாய். குடும்ப நாவல்களும் சமையல் நூல்களும் உண்டு என்றாலும், இடப்பக்கச் சுவரை அடைத்து நிற்கும் துப்பறியும் கதை அலமாரிக்காகவே இதை எழுதுகிறேன்.

உப்புக்காற்றில் மலிவுப் பதிப்புகளின் பின்கள் துருவேறித் தாள்கள் உதிர்ந்துவிடுவதால், உரிமையாளர் அவற்றைப் பிரித்து, வலை பின்னும் நைலான் நூலால் தைத்துப் பழுப்பு அட்டை ஒட்டிக் கொடுக்கிறார். எந்த நூல் ஓடுகிறது என்பதை அந்தத் தையல்களே சொல்லிவிடும். ஷெர்லக் ஹோம்ஸ் தமிழாக்கங்களும், தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளும் இரண்டு மூன்று முறை தைக்கப்பட்டவை. அண்மையில் வந்த பல நாவல்களோ முதுகு மடங்காமல் அப்படியே நிற்கின்றன.

யாரோ ஒரு புண்ணியவான் பல நூல்களின் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அழிக்கக் கூடாதா என்று கேட்டேன். "அதைப் பார்த்துட்டும் எடுத்துட்டுத்தாம்மா போறாங்க" என்றார் உரிமையாளர். கோபத்துடன்தான் வீடு திரும்பினேன். ஆனால் அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலை, குற்றவாளி யாரென்று அறிந்தே படித்தபோது, ஒரு வாக்கியத்திலும் பொய் சொல்லாமல் கிறிஸ்டி நம் கண்ணைக் கட்டியிருக்கும் விதம் முதன்முறையாகப் புலப்பட்டது. ஹோம்ஸ் விஷயத்தில் புதிர் இன்னும் பின்னுக்குப் போய்விடுகிறது. 1893இல் அருவியில் தள்ளி முடித்துவிட்ட அவரை, 1903இல் கானன் டாயல் உயிரோடு திரும்ப அழைத்துவர நேர்ந்தது, வாசகர்களுக்கு வேறு புதிர் கிடைக்காததால் அன்று. பேக்கர் தெரு அறையும், உதவி கேட்டு மாடிப்படி ஏறிவரும் கட்சிக்காரரும், காலணிச் சேற்றைப் பார்த்தே வந்த வழியைச் சொல்லும் அந்த மனிதரும் அவர்களுக்கு வேண்டியிருந்தார்கள்.

அமெரிக்கத் தனியார் துப்பறிவாளர் கதைகளில்தான் இந்த அலமாரி ஏமாற்றுகிறது. பிங்கர்டன் நிறுவனத்தில் தாமே துப்பறிவாளராக வேலை பார்த்த டேஷியல் ஹாமெட்டின் நூல் ஒன்றும் ரேமண்ட் சாண்ட்லரின் நூல் ஒன்றும் மட்டும், அதுவும் ஆங்கிலத்தில், இருக்கின்றன. பின்தொடர்வது, காத்திருப்பது, கூலிக்குப் பேரம் பேசுவது, பணம் கொடுத்தவரே யோக்கியர் இல்லை என்று கடைசியில் அறிவது என்று நகரும் அந்தக் கதைகளை, நல்ல தமிழில் வைத்தால் இங்கே நிச்சயம் எடுப்பார்கள்.

கடைசி நான்கு பக்கங்கள் இல்லாத ஒரு நூலை எனக்கு வாடகைக்குக் கொடுத்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பென்சில்காரர் அந்த நூலில் பார்த்து எழுதாமல் விட்டிருந்தார்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சங்கர்லால் ஒன்றுகூடக் கையில் கிடைக்காது. மார்ச்சிலேயே போய் எடுத்துக்கொள்வது நல்லது.