தக்காளியா, 28 மி.மீ. படையா?

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணும் உள்ளே ஒரு மேசையும் இருந்தால், தக்காளி வளர்ப்பதா, வார்கேமிங் என்கிற மேசைப் போர் விளையாட்டுக்காக 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களுக்கு வண்ணம் பூசிப் படை சேர்ப்பதா, எதைத் தொடங்கலாம்? நான் முதலில் பார்ப்பது காசை இல்லை, காலத்தை.

தக்காளி விதையை மார்ச்சில் ஜன்னலோரம் போட்டு, உறைபனி பயம் தீர்ந்து மே கடைசியில் வெளியே நட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளி, வெயில் நாளில் தவறாமல் தண்ணீர் ஊற்றினால்தான் ஆகஸ்டில் பழம். நடுவில் ஈரமும் சூடுமாக வானிலை மாறிக் கருகல் நோய் பிடித்தால் சில நாளிலேயே செடி மொத்தமும் போய்விடும்.

வார்கேமிங் வீரர்கள் அப்படி இல்லை. பாதி வண்ணம் பூசியவனை மூன்று மாதம் அலமாரியில் விட்டாலும் வாடமாட்டான். அக்ரிலிக் வண்ணம் சில நிமிடத்தில் காயும், பிடிக்காவிட்டால் மேலேயே பூசிக்கொள்ளலாம்.

செலவில் தோட்டம்தான் மலிவு. படையை 28-க்குப் பதில் 6 மி.மீ. உயர வீரர்களாகச் சேர்த்தால் அதுவும் கட்டுப்படியாகும்.

ஒன்றுதான் முடியும் என்றால் தக்காளி என்பேன், செடியிலேயே பழுத்ததன் ருசி கடையில் கிடைக்காது. ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் ஒன்றோடு ஏன் நிற்க வேண்டும்? கோடை மண்ணுக்கு, குளிர்காலம் தூரிகைக்கு. அப்புறம், வண்ணத்துக்கு முன் வீரர்கள் மேல் அடிக்கிற பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரேயை ஈரமில்லாத நாளில் வெளியே அடியுங்கள், கீரைப் பாத்தியை விட்டு நன்றாகத் தள்ளி.