கும்பகோணத்துப் பழைய டிவிடி கடை: கௌபாய் பட அடுக்கு எப்படி?

கும்பகோணம் கடைத்தெருவில் இருக்கும் இந்தக் கடையில் வெஸ்டர்ன் படங்களுக்குத் தனி அடுக்கே உண்டு. நாம் எல்லாவற்றையும் ‘கௌபாய் படம்’ என்று அடக்கிவிடுவோம். இங்கே அவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் செல்லப்பெயர்களைச் சீட்டில் எழுதி ஒட்டிப் பிரித்திருக்கிறார்கள், அருமையான வேலை.

‘ஓட்டர்’ என்பது குதிரை தின்னும் ஓட்ஸிலிருந்து வந்த பெயர். ‘ஹார்ஸ் ஓப்பரா’வும் கிட்டத்தட்ட அதே சரக்குதான், அதற்குத் தனிச்சீட்டு தேவையில்லை. 1975இல் வந்த இந்திப் படம் ஷோலேயை ‘கறி வெஸ்டர்ன்’, அதாவது இந்திய வெஸ்டர்ன், என்று வைத்திருப்பது மிகச் சரி.

கூட்டம் மொய்ப்பது, இத்தாலிய உணவின் பெயர் கொண்ட ‘ஸ்பகெட்டி’யில். 1960களில் இத்தாலியர்கள் எடுத்தவை. பல படங்களின் பாலைவனம் ஸ்பெயினின் அல்மேரியா. வாயசைப்பு வசனத்தோடு ஒட்டவில்லையே என்று டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் சேர்த்ததால் அப்படித்தான் இருக்கும். உறையின் பின்பக்கம் படத்தின் அகல-உயர விகிதம் 2.35:1 என்று இருக்கிறதா பாருங்கள். 4:3 என்றால் வேண்டவே வேண்டாம்: ஆளுக்கொரு ஓரத்தில் துப்பாக்கியோடு நிற்கும் இருவரும் வெட்டுப்பட்டு, நடுவில் புழுதி மட்டும் தெரியும்.

டிவிடி எந்தப் பகுதி நாடுகளுக்கானது என்று காட்டும் மண்டல எண்ணையும் கவனியுங்கள். இந்தியாவுக்கு 5, அமெரிக்காவின் 1 போட்டது இங்குள்ள சாதாரண பிளேயரில் ஓடாது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் அடித்தட்டு டிஸ்க்குகளில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் படம் பதிந்திருக்கும் தடத்தோடு ஓடி, படம் அங்கேயே நின்றுவிடும்.