ஹர்ட்டிலா, டேஷா, டார்ட்டா?

ஹட்டனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எது வேகமாகப் போனாலும் இப்போது ‘ஹர்ட்டில்’ (hurtle) என்றுதான் எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு கட்டுரையில் நானுஓயாவிலிருந்து ரயில் ஹர்ட்டில் ஆகி வந்திருந்தது. நம் மலைநாட்டு ரயிலோ வளைவுக்கு வளைவு நிதானித்து இறங்குவது. தலவாக்கலைப் பக்கம் சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியை ஆற அமரப் பார்க்கலாம்.

ஹர்ட்டிலில் வேகம் பாதிதான். மீதிப் பாதி, பிடி விட்டுப்போவது. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு மோதுவது என்றே பொருள். இன்று காயப்படுத்துவதைக் குறிக்கும் ‘ஹர்ட்’ (hurt)தான் அதன் தாய்ச்சொல், அதற்கும் அப்போது இடிப்பது என்ற பொருள் உண்டு. எங்கேயோ போய் இடிக்கப்போகிறது என்ற பயம் ஹர்ட்டிலுக்குள் இன்னும் இருக்கிறது. அடைமழையில் மேட்டிலிருந்து கழன்ற கல்லை நினைத்துப் பாருங்கள். முதலில் மெல்ல அசையும். அப்புறம் தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு, கானைத் தாண்டி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைப் பார்த்து வரும். அதுதான் ஹர்ட்டில். பிரேக் பிடிக்காமல் றம்பொடை வளைவில் இறங்கும் லொறிக்கும் அதையே எழுதலாம்.

டேஷ் (dash) அப்படியில்லை. ஓடுகிறவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியும், தூரமும் கொஞ்சம்தான். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது, அம்மா ஓடுகிறார். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று, இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டிக்கொண்டே ஓடுவதும் டேஷ்தான். இதிலும் பழைய அடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது: அலை பாறையில் மோதிச் சிதறுவதற்கும், நம்பிக்கை நொறுங்குவதற்கும் இதே சொல்தான்.

டார்ட் (dart) என்றால் எறியும் சிற்றீட்டி. அணில் சட்டென்று நேராகப் பாய்ந்து மறைவதற்கு அது போதும்.

தமிழில் ‘ஓடு’ அப்படியே நிற்கும். எப்படி ஓடியது என்பதை முன்னால் வரும் சொல் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அதை வினையே சுமக்கிறது. அதனால் பிள்ளைகளை முதலில் தமிழில் நினைக்கச் சொல்கிறேன். தறிகெட்டு ஓடினால் ஹர்ட்டில், ஒரே ஓட்டமாக ஓடினால் டேஷ், விருட்டென்று ஓடினால் டார்ட். எனக்கு இதைவிட நல்ல அகராதி கிடைக்கவில்லை. எழுத்திலும் கவனம் வேண்டும்: ஹர்ட்டிலில் ‘t’ என்ற ஓர் எழுத்து ‘d’ ஆக மாறினால் விளையாட்டுப் போட்டியின் தடைதாண்டல் (hurdle) ஆகிவிடும்.

சரி, அந்த ரயில்? வளைந்து வளைந்து வருவதற்கு ‘வைண்ட்’ (wind) என்று ஒரு சொல் இருக்கிறது என்றேன். கட்டுரை எழுதிய பிள்ளை கண்ணை மூடி யோசித்துவிட்டு, “கொட்டகலைக்குக் கிட்ட வாறது அப்பிடித்தான் சேர்” என்று அடித்து எழுதினாள்.